வாதியும் பிரதிவாதியும் நீந்திய புது ஆறு

பதினான்கு நிமிடம். இந்த ஒரே ஒரு எண்ணைச் சரிபார்க்கத்தான் என்னைக் கடல் தாண்டித் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிறது. ஈயம் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஏரிகளாகிப்போன ஊர். அதில் ஒரு ஏரியில் எங்கள் சங்கம் வருடா வருடம் முப்போட்டி நடத்துகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறிய ஈரத்தோடு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதை ஓரமாகப் போட்டுவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். முப்பது வருடம் டயர் கடை வைத்திருந்த எனக்குச் சங்கத்தில் ஒரே வேலை, ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டிலிருந்து ஒருவருக்கு டிக்கெட் போட்டு அழைப்போம். அந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று, பூதலூர்ப் பக்கத்து ஆலங்கரை முப்போட்டிக் கழகத்தைச் சேர்ந்த இளவரசியுடையது. நீச்சல் நேரம் என்ற இடத்தில் பதினான்கு நிமிடம் என்று எழுதி, கழகத் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருந்தார்கள். எங்கள் ஏரியில் அரை மணி நேரத்தில் அந்தத் தூரத்தை நீந்தினாலே எழுந்து நின்று கைதட்டுவோம். நாற்பத்தைந்து நிமிடம் தாண்டினால் படகில் தூக்கிப் போட்டுக் கரை சேர்த்துவிடுவோம்.

எங்கள் சங்கத் தலைவர் சீனர், கோழி வியாபாரி. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "இந்தப் பெண் மீனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது பொய்யாக இருக்க வேண்டும். மீனென்றால் டிக்கெட் போடுவோம். பொய்யென்றால் அந்தக் கழகத்தின் பெயரையே அடித்துவிடுவோம். உனக்குத்தான் தமிழ் தெரியுமே, போய்ப் பார்த்து ஒரு வரி எழுது."

தமிழ் தெரியும்தான். தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். மிச்சத்தையெல்லாம் டயர் கடைக்கு வந்த வாய்களிடம் கற்றேன். ஆனால் டெல்டாக்காரர்களின் வாய் வேறு ரகம் என்பது முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் பொங்கல் தின்றுவிட்டுக் காப்பிக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊரில் தேநீரைக் கடைக்காரர் தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு இழுத்து ஆற்றித் தருவார். இங்கே டபராவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர் இரண்டு முறை கடந்து போனார். மூன்றாவது முறை நின்றார்.

"என்ன சார், ஆத்திக் குடுக்கணுமா? அப்படியே ஊட்டியும் வுட்டுடவா?"

பூதலூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே நெல் மூட்டைகள், மூட்டைகள் மேல் பெண்கள்.

"என்ன ஆச்சு?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"நெல்லுல ஈரம் இருக்குன்னு கொள்முதல்ல எடுக்கலையாம். மறியல்."

"எப்ப எழுந்திருப்பாங்க?"

"தாசில்தார் வரணும்."

"அவர் எப்ப வருவார்?"

"அவரு வர்ற ரோட்டுலயும்ல உக்காந்திருக்காங்க."

இறங்கிப் போய் மூட்டைகளுக்குப் பக்கத்தில், புளியமரத்து நிழலில் உட்கார்ந்தேன். சட்டையைப் பார்த்தே வெளியூர் என்று கண்டுபிடித்துவிட்ட ஒரு அம்மாள் இலையில் புளிசாதம் வைத்து நீட்டினார். மலேசியா என்றதும் முகம் மலர்ந்தது.

"எங்க நாத்தனா மவன் அங்கதான் இருக்கான். சிவப்பா, ஒசரமா இருப்பான். பாத்திருக்கீங்களா?"

போனதும் விசாரிக்கிறேன் என்று சொன்னேன். புளிசாதம் சாப்பிட்ட வாயால் வேறென்ன சொல்வது?

அப்போதுதான் ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். காரியரில் ஐஸ் பெட்டி. "தடுப்பூசிக்கா. வெயில் பட்டா வீணாயிடும்" என்றாள். "மாட்டு டாக்டரம்மா போவட்டும்" என்று மூட்டைகள் விலகின. ஆலங்கரைக்கு எப்படிப் போவது என்று அவளிடம் கேட்டேன். ஐஸ் பெட்டியை முன்கூடைக்கு மாற்றிக்கொண்டு, "ஏறிக்குங்க சார், அங்கதான் போறேன்" என்றாள். அறுபது வயதில், எண்பது கிலோ எடையோடு, ஒரு பெண்பிள்ளை சைக்கிளின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து ஆற்றங்கரை மேல் போனேன். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"பேர் என்னம்மா?"

"இளவரசி சார். டாக்டர் இல்ல, கால்நடை ஆய்வாளர்தான். இவங்களா பட்டம் குடுத்துட்டாங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். துப்பறிய வந்தவன், துப்பறியப்பட வேண்டியவளின் காரியரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"சைக்கிள் நல்லா இருக்கே."

"பிளஸ் ஒண்ணுல கவர்மெண்ட் குடுத்த இலவச சைக்கிள். சென்னை முப்போட்டியில இதுலதான் ஜெயிச்சேன். அன்னைக்குக் கடல் கொந்தளிப்புன்னு நீச்சலை ரத்து பண்ணிட்டாங்க. சைக்கிளும் ஓட்டமும் மட்டும்தான்."

"கியர் உண்டா?"

"கால் இருக்கு சார்."

சொல்லி முடிப்பதற்குள் கரையேறி வந்த எருமை ஒன்று குறுக்கே நின்றது. நாங்கள் பக்கத்து வயலுக்குள் போய் விழுந்தோம். விழுந்துகொண்டே அவள் செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். ஐஸ் பெட்டியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். நான் முகம் குப்புறச் சேற்றில் கிடந்தேன்.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றாள் என்னைத் தூக்கிவிட்டு. "ஊசி உடைஞ்சா நான் ஆபீசுக்கு எழுதணும். நீங்க உடைஞ்சா யாருக்கு எழுதுறதுன்னு தெரியலை."

எனக்குத் தெரியும், என் தலைவருக்கு எழுத வேண்டும். அதற்கு மேல் மறைக்க மனம் வரவில்லை. சேறு வழிய வழிய நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பதினாலு நிமிஷம் சத்தியம் சார். நீங்களே பாருங்க" என்றாள். சைக்கிளை நிமிர்த்தியவள், சேறு படிந்த மணியைத் துடைத்து ஒரு முறை அடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப ஆசையாம்மா?"

"மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டே எத்தனை ஊர் சுத்திட்டேன். எல்லாம் சைக்கிள் எட்டுற தூரம். ஒரு தடவை பிளேன் எட்டுற தூரம் போவணும் சார்."

ஆலங்கரைக் கடைத்தெருவில் இறங்கிக் கழகத்து ஆபீஸ் எங்கே என்று ஒரு டீக்கடையில் கேட்டேன். "எந்தக் கழகம்?" என்றார் கடைக்காரர். நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகக் கொடிக்கம்பங்கள். முப்போட்டிக் கழகம் என்றேன். "அட, ரோஸ் தொப்பிக்காரங்களா!" என்றார்.

அந்த ரோஸ் நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நீச்சல் தொப்பிக்கு நிறம் தேட மூன்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு ஒரு கட்சி, கறுப்பு ஒரு கட்சி, மஞ்சள் ஒரு கட்சி, பச்சை, நீலம், காவி எல்லாமே பட்டா போட்டாகிவிட்டது. ஆட்சி மாறினால் தொப்பியையும் மாற்ற வேண்டுமே என்று பயந்து, யாருக்கும் வேண்டாத ரோசைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் கழகத்தின் தலைவரையும் செயலாளரையும் சந்தித்தேன். தலைவர் பஞ்சநாதம், பெரிய மிராசு குடும்பம், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். செயலாளர் கலியமூர்த்தி, இளவரசியின் அப்பா. அவருடைய அப்பா பஞ்சநாதம் வீட்டுப் பண்ணையில் கூலியாக இருந்தவர். கலியமூர்த்தி பாடுபட்டு, பஞ்சநாதத்தின் வயலை ஒட்டியே மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சொந்தமாக வாங்கியவர்.

"வாங்க வாதி" என்றார் பஞ்சநாதம்.

"வந்தேன் பிரதிவாதி" என்று உட்கார்ந்தார் கலியமூர்த்தி.

நான் விழித்தேன். விளக்கம் இரண்டு வாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. கலியமூர்த்தி நிலம் வாங்கிய கொஞ்ச நாளில், நடுவிலிருந்த எல்லைக்கல் இரண்டு முழம் அவர் பக்கமாக நகர்ந்துவிட்டதாம். நகர்த்தியது பஞ்சநாதம் என்று வழக்கு. "எங்க வம்சத்துல கல்லைத் தொட்டதே கிடையாது" என்று பஞ்சநாதம். "கல்லுக்குக் கால் முளைச்சுதா?" என்று கலியமூர்த்தி. வழக்கு இன்றும் தஞ்சாவூர் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

கழகம் பிறந்ததே ஒரு வாய்தாவில்தான். அன்றைக்கும் ஈர நெல் பிரச்சினைக்காகப் பாலத்தில் மறியல். இரண்டு பேருமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைகள். ஆனால் அன்றைக்கு கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாதி போகாவிட்டால் வழக்கு தள்ளுபடி. பிரதிவாதி போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. எழுந்து நடந்தால் ஊர் காறித் துப்பும்.

"மெதுவா ஒண்ணுக்குப் போறாப்ல எந்திரிச்சேன்" என்றார் கலியமூர்த்தி. "கேஸ் கட்டை உர சாக்குல சுத்தித் தலையில கட்டிக்கிட்டுப் புது ஆத்துல எறங்கிட்டேன். அடுத்த பாலம் வரைக்கும் நீந்திட்டா மறியலைத் தாண்டிடலாம். நடு ஆத்துல திரும்பிப் பாக்குறேன், எனக்குப் பின்னால இன்னொரு உர சாக்கு வருது!"

"பின்னால இல்ல, பக்கத்துல" என்றார் பஞ்சநாதம்.

அடுத்த பாலத்தருகே வாடகை சைக்கிள் கடை. இரண்டே சைக்கிள். ஒன்றுக்கு பிரேக் இல்லை, மற்றொன்றுக்கு சீட் இல்லை. தஞ்சாவூர் எல்லையில் போலீஸ் சைக்கிளையும் நிறுத்திவிட்டது. அங்கிருந்து ஈர வேட்டியோடு ஓட்டம். கோர்ட் வாசலுக்குப் போனால், நீதிபதி அன்றைக்கு விடுப்பு.

"வாய்தா" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

"யார் முதலில் போனது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான்" என்றார் ஒருவர்.

"நான்" என்றார் மற்றவர்.

அதைத் தீர்க்க அடுத்த வருடம் அதே வழியில் மறுபடி ஓடினார்கள். அதற்கடுத்த வருடம் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கழகம் பிறந்துவிட்டது. இவர்களிடம் பழகிய பிள்ளைகளில் பதினோரு பேர் இன்று போலீஸ்காரர்கள். உடற்தகுதித் தேர்வில் ஆலங்கரை என்று சொன்னாலே அதிகாரிகள் சிரிக்கிறார்களாம். ஒரு வெள்ளத்தில் பால்மாடுகளை நீந்தி ஓட்டிவந்ததைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் மாடுகளுக்கும் ரோஸ் தொப்பி இருந்தது.

தனியாக இருக்கும்போது கலியமூர்த்தி என் காதருகே குனிந்தார். "எங்கப்பனையும் என்னையும் அவரு வீட்டுல வாடா போடான்னுதான் கூப்பிடுவாங்க. வக்கீல் நோட்டீஸ் போன அன்னைக்கு வாயில வந்துச்சு பாருங்க ஒரு 'வாங்க'. இந்தக் கேஸ் முடியவே கூடாது சார்."

இந்த இரண்டு வீட்டாலும் எனக்கு வேறொரு ஆபத்து. கலியமூர்த்தி வீட்டில் வயல் நண்டு ரசமும் கெண்டைக் குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பஞ்சநாதம் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். அங்கே வத்தக்குழம்பு, அப்பளம், பாயசம். ஒரு வீட்டில் இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டால் செய்தி அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே மூன்று கரண்டி. எல்லைத் தகராறு என் வயிற்றில் நடந்தது.

மூன்றாம் நாள் காலை சோதனை. புது ஆற்றில், கல்லணையிலிருந்து வெட்டிய அந்தக் கால்வாயில், தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேல்பாலத்தில் இளவரசி ரோஸ் தொப்பியோடு தயாராக நின்றாள். கீழ்ப்பாலம் சரியாக ஒன்றரைக் கிலோமீட்டர். நான் பஞ்சநாதத்தின் மோட்டார் சைக்கிளில் கரையோரமாக வருவதாக ஏற்பாடு. அவள் குதித்தாள், நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ஏன் செய்தேன் என்று தெரியாது, காலடியில் கிடந்த ஒரு தேங்காய் மட்டையையும் எடுத்து அவள் பின்னால் தண்ணீரில் போட்டேன்.

கீழ்ப்பாலத்தில் அவள் கரையேறியபோது பதின்மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. பஞ்சநாதம் மீசையைத் தடவிக்கொண்டார். "எழுதிக்குங்க சார்" என்றார். கலியமூர்த்தி டீ சொன்னார். நாங்கள் டீயைக் குடித்து, வடையைத் தின்று முடித்தபோது, மட்டை பாலத்தடியில் ஆடி அசைந்து வந்துசேர்ந்தது. இருபத்தைந்து நிமிடம்.

பெரியவர்கள் இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இளவரசி மட்டும் தலையைத் துவட்டிக்கொண்டே மட்டையைப் பார்த்தாள்.

"சார், உங்க ஏரியில எத்தனை நிமிஷத்துக்குள்ள வரணும்?"

"நாற்பத்தைந்து."

"அப்ப மட்டை பாஸ்."

நான் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டேன்.

"உங்க ஏரி எந்தப் பக்கம் ஓடுது சார்?"

"எந்தப் பக்கமும் ஓடாதும்மா. சும்மா இருக்கும்."

"சும்மாவா? தண்ணியா?" என்று கலியமூர்த்தி இடையில் வந்தார். பிறந்ததிலிருந்து ஓடும் தண்ணீரோடு வாழ்ந்தவர்கள். எதிர்நீச்சல் போட இவர்களுக்கு அவசியமே வந்ததில்லை. கோர்ட் இருப்பது ஆறு ஓடும் கீழ்த்திசையில். இத்தனை வருடமும் இவர்களோடு ஆறும் நீந்திவந்திருக்கிறது. அதற்குத் தொப்பி போடத்தான் மறந்துவிட்டார்கள்.

புரிந்ததும் பஞ்சநாதம் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துவிட்டார். "அப்ப அன்னைக்கு நான் உங்களை முந்தினது?"

"முந்தவே இல்ல. மட்டையாட்டம் மிதந்து வந்தீங்க" என்றார் கலியமூர்த்தி.

நான்காம் நாள் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பசித்த பிறகுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. எனக்கு இருந்தது ஒரே வரி. பதினான்கு நிமிடம் உண்மை என்று எழுதினால் என் தலைவருக்குப் பொய். பொய் என்று எழுதினால் இவர்களுக்குப் பொய். டீக்கடையில் தனியாக உட்கார்ந்து புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது இளவரசி வந்து எதிரில் உட்கார்ந்தாள். தடுப்பூசிப் பெட்டி மடியில்.

"நிக்கிற தண்ணியில நீந்திக் காட்டுறேன். எழுதுவீங்களா?"

"எழுதுவேன். ஆனா நிக்கிற தண்ணி எங்கே?"

கோயில் குளம் முழுக்க ஆகாயத்தாமரை. மற்ற குளங்களில் முழங்கால் அளவு. பதில் கடையின் மூலையிலிருந்து வந்தது. மதகு பார்க்கும் லஸ்கர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ராத்திரியோட தண்ணி விடுற முறை முடியுது பாப்பா. தலைப்புல அடைச்சிடுவாங்க. நம்ம ஷட்டருக்கு மேல கெடக்குற தண்ணி நாளைக்கு ஒரு நாள் அப்படியே நிக்கும். எருமைதான் படுக்கும் அதுல."

ஐந்தாம் நாள் காலை ஆற்றைப் பார்த்தேன். அசைவே இல்லை. முந்தாநாள் உறுமிக்கொண்டிருந்தது, எங்கள் ஊர் ஏரிபோலப் படுத்துக் கிடந்தது. ஊரே கரையில் நின்று, இழவு வீட்டுக்கு வந்ததுபோல மெல்லப் பேசிக்கொண்டது.

நீளமாக ஒன்றரைக் கிலோமீட்டர் கிடைக்காது. ஷட்டரிலிருந்து மேலே பதினைந்து சங்கிலி தூரம்தான், அதாவது முந்நூறு மீட்டர்தான், ஆழம். பஞ்சநாதம் வீட்டிலிருந்து நிலம் அளக்கிற பழைய சங்கிலி வந்தது. வழக்குக்காகப் பலமுறை நீண்ட சங்கிலி. வாதி ஒரு முனை, பிரதிவாதி ஒரு முனை பிடித்து அளந்து, பதினைந்தாவது சங்கிலியில் மூங்கில் கம்பு ஒன்றை நட்டார்கள். ஷட்டரிலிருந்து கம்பு வரை ஒரு நடை. ஐந்து நடை போனால் ஒன்றரைக் கிலோமீட்டர். ஷட்டர் முனையில் கலியமூர்த்தி, கம்பு முனையில் பஞ்சநாதம். நான் ஸ்டாப்வாட்சோடு நடுவில்.

முதல் நடையிலேயே திணறினாள். "யப்பா, தண்ணி தள்ளவே மாட்டேங்குது!" என்று தண்ணீரிலிருந்து குரல் கொடுத்தாள். கம்பைத் தொட்டவள் அப்படியே நின்றாள். திரும்பி நீந்துவது என்றால் என்னவென்று பழக்கமே இல்லை.

"திரும்பு பாப்பா, திரும்பு!" என்று பஞ்சநாதம் கத்தினார்.

"போன வழியிலயே திரும்பணுமா?"

"ஆமா, கோர்ட்டுல மறந்த கட்டை எடுக்கப் போறாப்ல!"

இரண்டாவது நடையில் எருமை ஒன்று எதிரே வந்து வழி மறித்தது. மாட்டு டாக்டரம்மா அதைப் பெயர் சொல்லித் திட்டினாள். அது விலகியது. மூன்றாவது நடையில் கை வேகம் குறைந்தது. கரையிலிருந்த பெண்கள் "வா ஆத்தா, வா" என்று கூடவே நடந்தார்கள். நான்காவதில் அவள் ஷட்டரைத் தொட்டுத் திரும்பியபோது என் கடிகாரம் முப்பதைத் தொட்டிருந்தது. நான் கடிகாரத்தை விட்டுவிட்டு அவள் கைவீச்சை எண்ண ஆரம்பித்தேன். இத்தனை வருடம் கடிகாரம் பிடித்திருக்கிறேன், ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

முப்பத்தேழாவது நிமிடம் கம்பைத் தொட்டாள். "அஞ்சு!" என்று பஞ்சநாதம் துள்ளினார். கரையே கத்தியது. ஸ்டாப்வாட்சை அழுத்தக் கட்டை விரலைத் தூக்கினேன்.

"நிறுத்தாதீங்க!"

கலியமூர்த்தி கரையோரமாக வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் மகளைப் பார்க்கவில்லை, கம்பைப் பார்த்தார். கம்புக்கு அந்தப் பக்கம் தள்ளி, ஈர மண்ணில் ஒரு குழி இருந்தது. புதுக்குழி. கம்பு முதலில் நின்ற குழி.

"ஒரு சங்கிலி உள்ள வந்திருக்கு! கம்பை நகர்த்திட்டாரு! எல்லாரும் பாத்துக்குங்க, கம்பை நகர்த்திட்டாரு பிரதிவாதி!"

பஞ்சநாதம் ஆடாமல் நின்றார். இத்தனை வருடம் கல்லைத் தொட்டதே இல்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்த மனிதர். முழங்கை வரை சேறு.

"ரெண்டாவது தடவை வந்தப்ப புள்ளை மூஞ்சியைப் பாத்தேன்" என்றார் மெல்ல. "மனசு தாங்கலை. கல்லைத் தொட்டதில்ல வாதி. இந்தக் கம்பைத்தான்..."

"எம் பொண்ணுக்கு உங்க கம்பு வேணாம்!"

"எனக்கு மட்டும் பொண்ணு இல்லையா அது?"

இருவரும் மூக்கோடு மூக்காக நின்று கத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்தது கடிகாரம் மட்டும்தான். அளவு குறைந்துவிட்டதால் இந்த நேரத்தை எழுத முடியாது. அவளை மறுபடி முதலிலிருந்து நீந்தச் சொல்லவும் முடியாது, நாளைக்கு இந்தத் தண்ணீரும் இருக்காது. என்ன செய்வதென்று தண்ணீரைப் பார்த்தேன். கம்படியில் இளவரசி இல்லை.

ஷட்டரை நோக்கி ரோஸ் தொப்பி போய்க்கொண்டிருந்தது. ஆறாவது நடை.

அதைப் பார்த்ததும் வாதியும் பிரதிவாதியும் வாயை மூடினார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அவள் தண்ணீரில், அவர்கள் கரையில், பின்னால் ஊர், எல்லோருக்கும் பின்னால் எண்பது கிலோவோடு நான். ஷட்டர் இரும்பை அவள் இரண்டு கையாலும் அறைந்தாள். அழுத்தினேன். நாற்பத்து நான்கு நிமிடம் முப்பத்தொரு நொடி.

அவளால் ஏற முடியவில்லை. ஒரு கையை அப்பா பிடித்தார், மறு கையைப் பஞ்சநாதம் பிடித்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "உங்க ரெண்டு பேரு கேஸுக்கு நான் ஒரு நடை கூட நீந்தணுமா?"

அன்று மதியம் எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு. இரண்டிலும் பாயசம். பஞ்சநாதம் கொஞ்சம் அடங்கியிருந்தார். "வாதி இதை அடுத்த வாய்தாவுல சொல்லுவாரா?" என்று என்னைக் கேட்டார். அதை அப்படியே கலியமூர்த்தியிடம் கேட்டேன். அவர் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "சொன்னா தீர்ப்பு வந்துடுமே சார்" என்றார்.

ஆறாம் நாள் தஞ்சாவூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வரி எழுதச் சொன்ன தலைவருக்கு நான்கு வரி எழுதினேன். பதினான்கு நிமிடம் உண்மை. அதில் பாதிக்கு மேல் ஆறு நீந்தியது. ஆறு இல்லாமல் இளவரசி நாற்பத்து நான்கு நிமிடம், அதுவும் கேட்டதைவிட பதின்மூன்று சங்கிலி அதிகமாக நீந்தி. டிக்கெட் போடவும்.

என்னை வழியனுப்ப வந்த மூவரும் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. வாசித்துத் தமிழில் சொன்னேன்: "டிக்கெட் போடுகிறோம். கூடுதல் தூரம் ஏன் என்று விளக்கவும்."

இளவரசி வெளியே போய், அந்த இலவச சைக்கிளின் மணியை அடித்துக்கொண்டே நின்றாள்.

"எல்லைத் தகராறுன்னு எழுதுங்க சார்" என்றார் கலியமூர்த்தி.

"எழுதாதீங்க" என்றார் பஞ்சநாதம். "வழக்கு நிலுவையில இருக்கு."

இருவரையும் பார்த்தேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தலைவரின் அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன்.